இரண்டு பெப்டைடும் ஒரு வயிற்றெரிச்சலும்

என் கணவரை நல்லவர் என்று சொல்லாதவர்கள் டில்லியில் இல்லை. துவாரகாவில் எங்கள் குடியிருப்பின் காவலாளி சொல்வார், காய்கறி வண்டிக்காரர் சொல்வார், என் அம்மா திருநெல்வேலியிலிருந்து போன் பண்ணி என்னிடமே சொல்வாள். நானும் அதை மறுத்ததில்லை. ஆனால் ஒரு நல்லவரோடு ஒரே வீட்டிலும் ஒரே நிறுவனத்திலும் ஒரே துறையிலும் காலம் தள்ளுவது லேசுப்பட்ட காரியமில்லை. வயிறு எரியும். எனக்குப் பல வருஷமாக எரிந்தது.

நாங்கள் இருவரும் கால்நடை ஆராய்ச்சிக்காரர்கள். மருந்து மாத்திரை இல்லாமல் ஒரு மாடு தன்னைத்தானே எப்படிக் காப்பாற்றிக்கொள்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. யோசித்துப் பாருங்கள், மாட்டின் மடி எந்நேரமும் சாணத்திலும் சேற்றிலும் படுகிறது. காம்பின் துளை வழியாகக் கிருமி உள்ளே போக எல்லா வசதியும் இருக்கிறது. இருந்தும் பெரும்பாலான மாடுகளுக்குப் பெரும்பாலான நாட்களில் ஒன்றும் ஆவதில்லை. காம்பின் உள்தோலும் இரத்தத்தின் வெள்ளணுக்களும் சின்னச் சின்னப் புரதத் துண்டுகளைத் தயாராக வைத்திருப்பது அதற்கு ஒரு பெரிய காரணம். அவற்றைத்தான் பெப்டைடு என்கிறோம். அவற்றின் உடம்பில் நேர்மின்சாரம், கிருமியின் மேலுறையில் எதிர்மின்சாரம். போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் ஓட்டை விழும். கிருமி காலி.

எல்லா நாளும் இப்படி நடந்துவிட்டால் எங்களுக்கு வேலை இருக்காது. சில நாள் கிருமி ஜெயித்துவிடும். மடி வீங்கும், பால் திரிதிரியாக வரும். மடிநோய் என்பார்கள். ஆன்டிபயாடிக் செலுத்தினால் சில நாள் பாலைக் கீழே கொட்ட வேண்டும். செலுத்திச் செலுத்திக் கிருமிகளுக்கும் அது பழகிவிட்டது. அதனால்தான் மாட்டின் சொந்தச் சரக்கையே கொஞ்சம் திருத்தி, லேபில் செய்து, காம்புக்குள் செலுத்திப் பார்க்கலாமே என்ற எண்ணம் வந்தது.

என்னுடைய பெப்டைடு எருமையின் வெள்ளணுவிலிருந்து எடுத்தது. அவருடையது பசுவிலிருந்து. இந்தத் துறைக்கு முதலில் வந்தவள் நான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். கல்யாணத்தின்போது அவர் மாட்டின் இரைப்பையில் தீவனம் எப்படிச் செரிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல வேலை, கௌரவமான வேலை, என் வழிக்கு வராத வேலை. கல்யாணமான புதிதில் என் ஆய்வேட்டை எடுத்துப் படித்தார். அன்பினால்தான் படித்தார். அதுதான் ஆபத்தாகப் போயிற்று. படித்து முடித்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அட, இது ரொம்ப நல்லா இருக்குதே" என்றார். அடுத்த வருஷம் அவரும் பெப்டைடுக்கு வந்துவிட்டார். அதற்கடுத்து வந்த கட்டுரைகளில் அவர் பெயர் முன்னால் நின்றது. கருத்தரங்குகளுக்கு அவரை விமானத்தில் கூப்பிட்டார்கள். என்னைக் கூப்பிட்டது சுவரொட்டி ஒட்டி அதன் பக்கத்தில் நிற்பதற்கு.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவர் என் சோதனை ஒன்றுக்கு யோசனை சொன்னார். நல்ல யோசனைதான், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கரண்டியைச் சாம்பாரிலேயே போட்டுவிட்டு, இனி இந்த வீட்டில் லேப் பேச்சு கூடாது என்று சட்டம் போட்டேன். மீறுகிறவர் பாத்திரம் கழுவ வேண்டும். அவர் தலையாட்டிக்கொண்டார். லேபிலும் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அங்கே பேசினால், மேடம் புருஷன் தயவில் ஓட்டுகிறார் என்று நாக்கில் நரம்பில்லாமல் சொல்வார்கள். அவர் மாடி மேலே, என் மாடி கீழே. போக வர மெட்ரோவில் நான் பெண்கள் பெட்டி, அவர் பொதுப் பெட்டி. ஆக, ஒரே விஷயத்தை வாழ்நாள் முழுக்கப் படிக்கும் இரண்டு பேர் அதைப் பற்றிப் பேச இந்த டில்லியில் ஓர் இடம் இல்லாமல் செய்துவைத்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

எனக்கு எதில்தான் பொறாமை இல்லை? அவர் தலையை வைத்ததும் தூங்கிவிடுவார், அதில் பொறாமை. பண்ணைக்குப் போனால் எருமைகள் அவரைப் பார்த்துக் காதை ஆட்டும். ஈரோட்டுப் பக்கம் மாட்டுக்கு நடுவிலேயே வளர்ந்தவர். பக்கத்தில் போய் விலாவில் உள்ளங்கையை வைத்து ஏதோ முனகுவார், அது அசையாமல் நிற்கும். நான் வங்கி குமாஸ்தா மகள், மாட்டைக் காலண்டரில் பார்த்து வளர்ந்தவள். நான் போனால் அதே எருமை வாலைச் சுழற்றி என் முகத்தில் ஒன்று போடும். என் பெப்டைடு அந்த எருமையினுடையது. அதற்காவது ஒரு விசுவாசம் வேண்டாமா?

எல்லாவற்றையும்விடப் பெரிய பொறாமை, அவருக்குப் பொறாமையே இல்லை என்பதில்தான். என் கட்டுரை ஒன்று வந்தால் ஜனக்புரி வரை போய் ஜிலேபி வாங்கிவருவார். சுடச்சுட. என் பெயரை வாய்விட்டுப் படித்து மகளுக்குக் காட்டுவார். மகள், "வாவ் அம்மா, பதாயி ஹோ" என்று காதில் மாட்டியதைக் கழற்றாமலே வாழ்த்துவாள். அவர் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. அந்த ஜிலேபியைத் தின்னும்போது எனக்கு ஒன்றுதான் தோன்றும். என்னைப் பார்த்துப் பொறாமைப்பட இந்த மனுஷனுக்கு ஒன்றும் இல்லை, என்னை அவர் போட்டியாகவே நினைக்கவில்லை, அவ்வளவுதான். குழந்தை பரிசு வாங்கினால் அப்பா கைதட்டுவாரே, அந்த மாதிரி.

அந்த வருஷம் மழை முடிந்ததும் எங்கள் நிறுவனத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். லேபில் கிருமியைக் கொல்வது போதும், இனி நிஜ மாட்டில் பார்ப்போம். நஜஃப்கருக்கு அப்பால் உள்ள பண்ணையில் மடிநோய் கண்ட மாடுகளுக்குச் செலுத்திப் பார்க்கலாம். ஆனால் ஒரே ஒரு பெப்டைடுதான். இரண்டுக்கு அனுமதி வாங்கவும் அவ்வளவு சரக்கு செய்யவும் வழியில்லை. குடியரசு தினம் கழிந்து ஒரு குழு கூடி எதை அனுப்புவது என்று சொல்லும். போட்டியில் நின்றவை இரண்டே இரண்டு. பசு, எருமை. அவர், நான்.

இந்தத் தடவை நான் ஜெயித்தாக வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறியே வந்துவிட்டது. பழைய பெப்டைடு சுமாராகத்தான் வேலை செய்யும். அதன் சங்கிலியில் சில கண்ணிகளை மாற்றி நேர்மின்சாரத்தைக் கூட்டி, புதிதாக ஒன்று வரைந்தேன். கணினியில் பார்த்தால் பத்ரகாளி மாதிரி நின்றது. நிறுவனக் கூட்டத்தில் அதை விளக்கியபோது எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர் கடைசி வரிசையில் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

நான் வரைந்தபடி ஒரு கம்பெனி செய்து அனுப்பிய வெள்ளைப் பொடியைக் கரைத்துச் சோதனை வைத்தேன். சின்னச் சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு ஒன்று உண்டு. குழிக்குழியாகக் கிருமியையும் பெப்டைடையும் விட்டு, உடம்புச் சூட்டில் இருக்கும், இரண்டு லேபுக்கும் பொதுவான இன்குபேட்டர் பெட்டிக்குள் மூடி வைத்துவிட்டுப் போவோம். மறுநாள் காலையில் குழி தெளிவாக இருந்தால் கிருமி செத்தது என்று அர்த்தம். கலங்கியிருந்தால் அது சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். என் தட்டில் எல்லாக் குழியும் கலங்கியிருந்தது.

திரும்ப வைத்தேன். கலங்கல். தண்ணீரை மாற்றினேன், கிருமியைப் புதிதாக வளர்த்தேன், பொடி செய்து கொடுத்த நிறுவனத்துக்குக் காரசாரமாக மெயில் எழுதினேன். அவர்கள் பொடி சுத்தம் என்று ஆதாரம் அனுப்பினார்கள். பழையதைவிடப் பலமாக இருக்க வேண்டியது பழையதைவிட நோஞ்சானாக இருந்தது. தசராவிலிருந்து தீபாவளி, தீபாவளியிலிருந்து டிசம்பர். காலையில் பெட்டியைத் திறக்கவே பயமாக இருக்கும். மாடிப்படியில் அவர் லேப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு இறங்கினால், அங்கே கிருமி செத்துவிட்டது என்று தெரிந்துகொள்வேன். வீட்டில் அவர் ஒன்றும் கேட்கமாட்டார், சட்டம் இருக்கிறதே. என் முகத்தைப் பார்ப்பார், தட்டில் இன்னொரு சப்பாத்தி வைப்பார்.

தட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் மாணவியாக இருந்த காலத்திலிருந்து கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் தட்டில்தான் வேலை செய்கிறேன். உள்ளே கலங்கியதா தெளிந்ததா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். அவர் இந்தத் துறைக்கு வந்ததும் வேறு வகை பிளாஸ்டிக்கில் பால் நிறத் தட்டு வரவழைத்தார். விலை ஜாஸ்தி, உள்ளே ஒன்றும் தெரியாது, ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து ஜெல்லி போட்ட கிண்ணத்தில் வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். அப்போது கேன்டீனில் நாலு பேர் முன்னால் நான், "தட்டுல என்ன இருக்கு, கையிலதான் வேலை இருக்கு" என்று சொல்லிவைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அந்தத் தட்டை நான் தொடுவேனா? அவர் வாங்கிய பேனாவில்கூட நான் எழுதியதில்லை.

பொங்கலுக்குச் சாணக்யபுரியில் டில்லித் தமிழர்கள் கூடும் விழா ஒன்றுக்குப் போனோம். வெளியே பனிமூட்டம், உள்ளே பட்டுப்புடவையும் ஸ்வெட்டரும் சர்க்கரைப் பொங்கல் வாசனையும். மகள் வந்ததும், "அம்மா, ஜல்தி போலாம் ப்ளீஸ், இங்க நெட்வொர்க்கே இல்ல" என்று ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி ஒருவர், தஞ்சாவூர்க்காரர், என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பேப்பரில் படித்தாராம். மாட்டுக்கு மாட்டிலிருந்தே மருந்து. "பிரமாதம் சார், பிரமாதம்" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீங்களும் அதே ஆபீஸ்தானாம்மா? அட்மினா?" என்றார்.

நான் சிரித்தேன். எனக்கென்று ஒரு சிரிப்பு இருக்கிறது. அவருக்குக் கிடைக்கும் பாராட்டுக்குப் பக்கத்தில் நின்று சிரிப்பதற்காகவே வளர்த்தது. உதடு இரண்டு பக்கமும் போகும், பல் தெரியும், கண் சிரிக்காது. நாலைந்து பேர் சேர்ந்தாற்போல வந்து பாராட்டினால் கன்னம் விண்ணென்று வலிக்க ஆரம்பிக்கும். என் கணவர் அவசரமாக, "அவங்கதான் சார் இதுல எனக்கு சீனியர்" என்றார். அது இன்னும் மோசம். பெரியவர், "ஹா, வீட்ல எல்லாருக்கும் அவங்கதானே சீனியர்" என்று ஜோக்கடித்தார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு வீடு வந்து சேரும் வரை கன்னம் வலித்தது.

அந்த வாரம் கடைசியாக ஒரு தட்டு வைத்தேன். கலங்கல். போதும் என்று ஆகிவிட்டது. தோற்றுப்போவதைவிட, தோற்பதற்கு முன்னால் நாமே விலகிவிடுவது மரியாதை. சாயங்காலம் மெட்ரோ நிலையத்தில் வழக்கம்போல முன்கோடிக்கு, பெண்கள் பெட்டி வந்து நிற்கும் இடத்துக்கு நடக்காமல், அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"நாளைக்கு ஹெட்கிட்டச் சொல்லிரலாம்னு இருக்கேன்" என்றேன். "என் பெப்டைடை வாபஸ் வாங்குதேன். உங்க டீம்ல என்னைச் சேத்துக்கோங்க."

துவாரகா வண்டி வந்தது. அவர் ஏறவில்லை. கூட்டம் இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறியது, கதவு மூடியது, வண்டி போனது.

"வாபஸ் வாங்காத" என்றார்.

"எதுக்கு வாங்கக் கூடாதுங்கீங்க? தெனமும் கலங்கலைப் பாத்துட்டு அழச் சொல்லுதீங்களா?"

"தட்டு."

"என்ன தட்டு?"

"உன்ற தட்டு. புதுசுல சார்ஜ் சாஸ்தியாப் போட்டிருக்கற. அந்த பிளாஸ்டிக்குல ஒட்டிக்கும். கிருமிகிட்டப் போறதுக்குள்ள முக்காவாசி சுவத்துலயே நின்னுபோகும். வெள்ளைத் தட்டுல போட்டுப் பாரு."

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. ஒட்டுவதுதானே அதன் குணம்! அந்தக் குணத்தைத்தானே நான் பாடுபட்டுக் கூட்டினேன்! பழைய பெப்டைடு பலவீனமானது, அதனால் எந்தத் தட்டிலும் ஒட்டாமல் பிழைத்தது. புதியதோ குழிக்குள் விட்டதும் கண்ணில் பட்ட பிளாஸ்டிக்கைப் போய்க் கட்டிக்கொண்டுவிட்டது. முதல் வருஷ மாணவருக்குச் சொல்லிக் கொடுக்கும் பாடம் இது. அந்தத் தட்டை அவர் வாங்கினார் என்பதற்காக நான் அந்தப் பக்கமே திரும்பாமல் இருந்திருக்கிறேன். மூன்று பண்டிகை போயிருந்தது.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது.

"உங்களுக்கு எப்பத் தெரியும் இது?"

"தீபாவளிக்கு முன்னாடியே. நம்ம பொது இன்குபேட்டர்ல உன்ற தட்டப் பாத்தேன்."

"ஏன் சொல்லலை?"

"நீதான ரூல் போட்ட."

நியாயமான பதில். என் சட்டம், என் தலை. அத்தோடு விட்டிருப்பேன், ஆனால் அவர் அதைத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எப்போதும் ஆளின் கண்ணைப் பார்த்துப் பேசுகிற மனுஷர் அவர்.

"ரூலுக்காகத்தான் சொல்லலையா? என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க."

அடுத்த வண்டியும் வந்தது. அதுவும் போனது.

"இல்ல" என்றார். காது மடல் சிவந்துவிட்டது. "அன்னிக்கு மீட்டிங்குல நீ அதப் போட்டுக் காட்டுனப்பவே தெரிஞ்சுது. என்ற பெப்டைடு அதுக்குக் கிட்ட நிக்காது. பண்ணைக்கு அதுதான் போகும். சொல்லோணும் சொல்லோணும்னு தெனமும் நெனைப்பேன். உன்னப் பாத்தா வாய் வராது."

"பொறாமையா?"

"ஆமா."

நான் கத்தினேன். பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். எருமை மாடு என்றேன், கல்லுளிமங்கன் என்றேன், நான் அழுததையெல்லாம் பார்த்துக்கொண்டு சப்பாத்தி வைத்தாயே என்று ஒருமைக்கே போய்விட்டேன். டில்லியில் ஒரு சௌகரியம், தமிழில் எவ்வளவு கேவலமாகச் சண்டை போட்டாலும் சுற்றி இருப்பவர்களுக்குச் சத்தம்தான் கேட்கும். ஒரு சர்தார்னி அம்மாள் மட்டும் பக்கத்தில் வந்து, "க்யா ஹுவா பேட்டி?", என்ன ஆச்சு மகளே, என்று என் தோளைத் தொட்டார். "குச் நஹீ, ஆன்ட்டி", ஒன்றுமில்லை என்றேன். வேறென்ன சொல்ல, பெப்டைடு தட்டில் ஒட்டிக்கொண்டது என்றா? அடுத்த வண்டியில் விடுவிடுவென்று முன்கோடிக்குப் போய்ப் பெண்கள் பெட்டியில் ஏறினேன்.

ராஜோரி கார்டன் வருவதற்குள் விவாகரத்து வரை யோசித்துவிட்டேன். மகள் யாரோடு இருப்பாள், ஃபிரிட்ஜ் யாருக்கு என்பது வரை. திலக் நகர் தாண்டியபோது அந்த "ஆமா" திரும்பக் காதில் விழுந்தது. சிவந்த காது மடல். தண்டவாளத்தைப் பார்த்த கண். தினமும் நினைத்து தினமும் வாய் வராமல் போனது. எனக்குத் தெரியாததா இது? எத்தனை வருஷம் நான் அதே வீட்டில் அதையே செய்துகொண்டிருந்தேன்! அந்த நல்லவர், அந்தத் தங்கம், அந்த ஜிலேபிக்காரர், என் பெப்டைடைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறார். அதுவும் மாதக்கணக்கில். ஜனக்புரி வந்தபோது எதிரே உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அப்போதுதான் கவனித்தேன், நான் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். கன்னம் கொஞ்சமும் வலிக்கவில்லை.

அதற்காக அவரைச் சும்மா விடவில்லை. அன்று வீட்டில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மகள் அறையில் படுத்தேன். "அரே, அப்பா என்ன பண்ணிட்டாரு?" என்றாள். "லேப் விஷயம், ரூல் இருக்கு, சொல்லக் கூடாது" என்றேன். கோபமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தால் தூக்கம் வராது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் நேராக மேல்மாடிக்குப் போனேன். அவர் லேப் பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், நான் அந்தப் படி ஏறியதே இல்லை. "வெள்ளைத் தட்டு வேணும்" என்றேன். ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினார். "உங்க பெப்டைடும் கொஞ்சம் வேணும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுத்தான் பாக்கணும், தண்ணியில மட்டும் பத்தாது, பால்லயும். நீங்களும் வந்து நில்லுங்க. அப்புறம் நான் ஏதோ பண்ணிட்டேன்னு யாரும் பேசக் கூடாது." வந்து நின்றார்.

பாலில் வைப்பதுதான் பெரிய சோதனை. தண்ணீரில் சூரத்தனம் காட்டும் பெப்டைடுகள் பாலில் இருக்கும் உப்பையும் புரதத்தையும் பார்த்ததும் சுருண்டுவிடும். காம்புக்குள் இருக்கப்போவது பால்தானே. குழிக்குழியாக விட்டோம், பெட்டிக்குள் வைத்தோம். அடுத்த நாள் சொட்டுச் சொட்டாக எடுத்து ஜெல்லிக் கிண்ணங்களில் விட்டோம். கிருமி உயிரோடு இருந்தால் அதற்கும் அடுத்த நாள் அந்த இடத்தில் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும்.

கிண்ணங்களை ஜன்னல் வெளிச்சத்தில் வரிசையாக வைத்தோம். வெளியே பனி விலகி மஞ்சள் வெயில் வந்திருந்தது. தண்ணீர் வரிசையில் இரண்டு பேருடையதும் சுத்தம். பால் வரிசையில் அவருடைய கிண்ணத்தில் புள்ளிகள் அள்ளித் தெளித்தது போல முளைத்திருந்தன. என்னுடையதில் ஒன்றும் இல்லை. வெறும் ஜெல்லி, வழவழவென்று. ஒன்றுமே இல்லாததை நான் அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை. அவரும் குனிந்து பார்த்தார், என் கிண்ணத்தைச் சாய்த்து, திருப்பி, திரும்பவும் பார்த்தார். ஏதாவது ஒரு மூலையில் ஒரே ஒரு புள்ளி இருக்காதா என்றுதான் தேடுகிறார். எனக்குத் தெரியும். நானும் அவர் கட்டுரைகளில் அச்சுப்பிழை தேடியிருக்கிறேன்.

"சுத்தமா இருக்குது" என்றார் கடைசியில்.

இன்னும் இரண்டு முறை வைத்தோம், அதே பதில். குழு கூடிய அன்று நான் பேசி முடித்ததும் தலைவர் என் கணவர் பக்கம் திரும்பி, உங்கள் அபிப்பிராயம் என்ன என்று கேட்டார். அவர் எழுந்து, மடிக்குள் செலுத்துவதென்றால் மேடத்தின் பெப்டைடுதான் சரி, என்னுடையது பாலில் நிற்காது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முன்பென்றால் அந்தப் பெருந்தன்மை என்னைக் கொன்றிருக்கும். இப்போது அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்ததால் எனக்கு இனித்தது. அன்றைக்கு ஜிலேபியை நானே வாங்கினேன். அவர் ஒன்று எடுத்துப் பாதி தின்றுவிட்டு வைத்துவிட்டார். மீதியை நான் தின்றேன்.

ஹோலி முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில் பண்ணைக்குப் போனோம். முதல் எருமைக்கு முதல் தடவை செலுத்த வேண்டிய நாள். அது வாலைச் சுழற்றும் என்று தெரிந்துதான் அவரைக் கூடவே வரச் சொல்லியிருந்தேன். அவர் தலைப்பக்கம் போய் நின்று, விலாவில் கையை வைத்து, தன் ஊர்ப் பாஷையில் ஏதோ முனகினார். எருமை காதை ஆட்டியது. நான் காம்பைத் துடைத்து, சின்னக் குழாயை நுழைத்து, மெதுவாக உள்ளே செலுத்தினேன். அது குணமாகுமா ஆகாதா என்பது வேறு கதை, அதற்கு நாளாகும். ஆனால் அந்த எருமைக்குள் போனது என்னுடையது.

பண்ணை மேலாளர் ஹரியானாக்காரர், குரலைத் தாழ்த்திப் பேசத் தெரியாதவர். பால் கறப்பவர்கள், வைத்தியர்கள் எல்லோரும் சுற்றி நின்றிருக்க, என் கணவரின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "அரே டாக்டர் சாப், மேடம் தோ ஆப்ஸே ஆகே நிகல் கயீ!" மேடம் உங்களை முந்திவிட்டாரே என்று அர்த்தம். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வைத்தியர் வந்து அவர் கையைக் குலுக்கி, உங்கள் மனைவியைப் பற்றி ரொம்பக் கேள்விப்பட்டிருக்கிறேன் என்றார். பின்னாலேயே இன்னொருவர். அதற்கும் பின்னால் இன்னொருவர், அவர் என் கணவரிடம், "நீங்களும் அங்கேதான் வேலை பார்க்கிறீர்களா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

என் கணவர் சிரித்தார். உதடு இரண்டு பக்கமும் போனது, பல் தெரிந்தது, கண் சிரிக்கவில்லை. எனக்கு அந்தச் சிரிப்பு நன்றாகத் தெரியும். அதை வளர்த்தவளே நான்தானே. அவர் அதை எங்கே கற்றுக்கொண்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம், சூடாக ஜிலேபி வாங்கிக்கொண்டு வந்து நின்ற நாட்களிலெல்லாம் அந்த முகத்தை நான் ஒழுங்காகப் பார்த்தேனா என்று நினைத்தேன்.

கூட்டம் கலைந்ததும் எருமையின் அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானுமாக நின்றோம். அவர் இன்னும் அந்தச் சிரிப்பை இறக்கி வைக்கவில்லை.

"கன்னம் வலிக்கா?" என்று கேட்டேன்.

அவர் எருமையின் முதுகுக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"ம்" என்றார். "ரெண்டு பக்கமும்."